நம்பர் நல்லாத்தான் இருந்துச்சு

1/ போன வாரம் க்ளினிக்ல பிபி பார்க்க வந்த ஒருத்தர், சீட்டை வாங்கி பாக்கெட்ல வெச்சுக்கிட்டு கிளம்பாம நின்னார். "சார், தப்பா நினைக்காதீங்க. பையன் கம்ப்யூட்டர்ல கேம் சிக்குதுன்னு உயிரை எடுக்கிறான். 30,000 ரூபாய்க்கு ஏதோ கார்டு வாங்கணுமாம். உங்க பையன் இந்த மாதிரியெல்லாம் செய்வான்னு சொன்னாங்க. வாங்கலாமா?"

வெளியில பத்து பேர் காத்திருந்தாங்க. அவசரமா "வாங்காதீங்க, முதல்ல ஒரு விஷயம் பாருங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு விஷயத்தைக் கத்துக்க நான் 32,200 ரூபாயும், என் பையன் என்கிட்ட பேசாத ஒரு மாசமும் செலவு பண்ணியிருக்கேன். அதைத்தான் இங்க எழுதறேன். நீளமான த்ரெட். டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

2/ கதை 2023ல நடந்தது. பையன் ரெண்டு தடவை நீட் எழுதிட்டு, ரெண்டு தடவையும் கிடைக்காம, சிதம்பரத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த வருஷம். "சேர்ந்தான்"னு எழுதறேன். அப்ப நான் எல்லார்கிட்டயும் "சேர்த்துவிட்டேன்"னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். வீட்ல பேச்சு கம்மி. நான் ராத்திரி ஒன்பதரைக்கு க்ளினிக் மூடிட்டு வந்தா, அவன் ரூம் கதவு சாத்தியிருக்கும். கீழ வெளிச்சம் மட்டும் தெரியும்.

3/ அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ன்னு ஒரு கேம். 1899ல அமெரிக்காவுல நடக்கிற கதை. கம்ப்யூட்டருக்கு 2019 நவம்பர்ல வந்துச்சு. 150 ஜிபி இடம் கேட்கும். சுமாரான கம்ப்யூட்டரை மூச்சு வாங்க வைக்கிற கேம்னு பேர் எடுத்தது. பெரியவங்களுக்கான கேம், சின்னப் பசங்க கையில குடுத்துடாதீங்க. இவனுக்கு அப்ப 19 வயசு.

வீட்ல இருந்தது 2018ல க்ளினிக் கணக்கு வழக்குக்காக வாங்கின கம்ப்யூட்டர். ஐ5-8400 பிராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். 12ம் வகுப்பு படிக்கும்போது அடம் பிடிச்சான்னு ஜிடிஎக்ஸ் 1650 கார்டு ஒண்ணு போட்டுக் குடுத்திருந்தேன்.

4/ "அப்பா, சிக்குதுப்பா"ன்னான்.

போய்ப் பார்த்தேன். திரையில மூலையில ஒரு நம்பர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எஃப்பிஎஸ், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்கிற கணக்கு. 45, 48, 44ன்னு காட்டுச்சு.

"டேய், சினிமாவே செகண்டுக்கு 24 படம்தான். உனக்கு 45 வருது. இதுக்கு மேல என்னடா வேணும்? படிக்கிற வேலையைப் பாரு."

அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.

5/ ஆனா மனசு கேட்கல. நீட் முடிஞ்சதுல இருந்து அவன் என்கிட்ட கேட்ட முதல் பொருள் இதுதான். சரி, அப்பன்னு ஒருத்தன் இருக்கான்னு காட்டுவோம்னு, அவனை ஒரு வார்த்தை கேட்காம, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன். "கேம் சிக்குதுன்னா கார்டுதான் சார், யோசிக்காம மாத்துங்க"ன்னார். 28,000 ரூபாய்க்கு ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிட்டு வந்தேன். பிறந்தநாள் பரிசு மாதிரி மேஜை மேல வெச்சேன்.

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தோஷப்படல. "அப்பா, இதுக்குத் தனியா பவர் வயர் வேணும். நம்ம பவர் சப்ளையில அது கிடையாது"ன்னான்.

6/ விஷயம் இதுதான். பழைய 1650 கார்டு 75 வாட்டுக்குள்ள வேலை செய்யும். அந்த மின்சாரத்தை மதர்போர்டு ஸ்லாட்டே குடுத்துடும். 3060க்கு 170 வாட் வேணும். அதுக்கு பவர் சப்ளையில இருந்து நேரா தடிமனான வயர் வரணும். மலிவு பவர் சப்ளையில ஒட்டு வயர் போட்டு ஓட்டிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க, வயர் சூடேறி உருகும். அதனால 4,200 ரூபாய்க்குப் புது பவர் சப்ளை. ஆக மொத்தம் 32,200.

எல்லாம் மாட்டி ஓட்டினோம். நம்பர் 68ன்னு வந்துச்சு. படம் இன்னும் அழகாவும் ஆயிடுச்சு. நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நின்னேன்.

பத்து நிமிஷம் கழிச்சு அவன் மெதுவா சொன்னான்: "அப்பா, இன்னும் சிக்குது."

7/ அன்னைக்கு நான் பேசினதை முழுசா இங்க எழுத முடியாது. "எவ்வளவு செஞ்சாலும் குறை சொல்ற புத்தி"ன்னு ஆரம்பிச்சு, நீட் வரைக்கும் போய்ட்டேன். கம்ப்யூட்டருக்கும் நீட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் கிடையாது. ஆனா பெத்தவங்களுக்குக் கோபம் வந்தா எல்லா ரோடும் ஒரே ஊருக்குத்தான் போகும்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் அவன் அந்த கேமைத் திறக்கல. "சாப்பிட்டியா?" "ம்." "காலேஜ் உண்டா?" "ம்." அவ்வளவுதான் பேச்சு. "காசும் போச்சு, பிள்ளையும் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டான். உங்களை யாருங்க கேட்டா?"ன்னாங்க வீட்ல.

8/ இப்ப க்ளினிக்குக்கு வருவோம். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

வெள்ளாத்துப் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அம்மா. 58 வயசு. சுகருக்கு என்கிட்ட ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறாங்க. சம்பா நடவு நேரம். ரெண்டு தடவை வந்து ஒரே விஷயத்தைச் சொன்னாங்க: "பதினோரு மணி வாக்குல கை வெடவெடன்னு நடுங்குது சார். வேர்த்துக் கொட்டுது. கண்ணு இருட்டுது."

நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹெச்பிஏ1சி 6.7. அது கிட்டத்தட்ட மூணு மாச சுகரோட சராசரியைக் காட்டுற டெஸ்ட். அருமையான நம்பர். "சுகர் சூப்பரா இருக்கும்மா. வெயில்ல நிக்கிறீங்க, தண்ணி நிறைய குடிங்க"ன்னு ரெண்டு தடவையும் அனுப்பிட்டேன்.

9/ மூணாவது தடவை, அந்தப் பதினோரு மணிக்கே ஆட்டோவுல கூட்டிட்டு வந்தாங்க. புடவை வேர்வையில நனைஞ்சிருந்தது. விரல்ல குத்திப் பார்த்தோம். சுகர் 52.

க்ளூக்கோஸ் குடுத்து, இருபது நிமிஷத்துல தெளிஞ்சதும் முதல் தடவையா ஒழுங்கா கேட்டேன். காலையில நாலரைக்கு எழுந்து, மாத்திரையைப் போட்டுக்கிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு நடவுக்குப் போயிடறாங்க. சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு மேலதான். நான் எழுதின க்ளிமிபிரைடு மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சுகரை இறக்கிக்கிட்டே இருக்கும். ராத்திரி சுகர் ஏறுது, பகல்ல பாதாளத்துக்கு இறங்குது. ரெண்டையும் கூட்டி வகுத்தா 6.7.

சராசரி நல்லா இருந்துச்சு. ஆள் நல்லா இல்ல.

(இதைப் படிச்சிட்டு யாரும் நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. இந்த மாதிரி நடுக்கமும் வேர்வையும் வந்தா உடனே ஏதாவது இனிப்பு சாப்பிட்டு, உங்க டாக்டர்கிட்ட நேரத்தோட சொல்லுங்க. அவர் நம்பரை மட்டும் பார்த்தா, இன்னொரு தடவை சொல்லுங்க.)

10/ அன்னைக்கு ராத்திரி வண்டியில வரும்போது மண்டையில ஓடினது அந்த அம்மா இல்ல, என் பையன். 68ங்கிறதும் சராசரிதானே?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு செகண்டுன்னா 1000 மில்லிசெகண்டு. அதுல 45 படம் வருதுன்னு வெச்சுக்குவோம். 44 படம் தலா 17 மில்லிசெகண்டுல வந்துடுது. மொத்தம் 748. மிச்சமிருக்கிற ஒரே ஒரு படத்துக்கு 252 மில்லிசெகண்டு ஆகுது. கால் செகண்டு. கேம்ல அது குதிரை அப்படியே உறைஞ்சு நிக்கிற நேரம். ஆனா மூலையில நம்பர் என்ன காட்டும்? 45. சமத்தா.

சினிமாவுல 24 படம் போதும்னா, அந்த 24ம் ஒரே சீரா வர்றதாலதான். நான் அவனை மடக்கினதா நினைச்ச வாதம் எனக்கே புரியாத வாதம்.

11/ கதவைத் தட்டினேன். அவன் திறந்தான். "கேமைப் போடு, பார்ப்போம்"னேன். நம்பாத மாதிரி பார்த்தான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, மெடிக்கல் காலேஜ்ல முதல்ல சொல்லிக் குடுத்ததை அவன்கிட்ட செஞ்சேன். கேள்வி கேட்டேன். எப்போ சிக்குது? எங்க? எவ்வளவு நேரம்? எதனால கூடுது? எதனால குறையுது?

அவன் கடகடன்னு சொன்னான். "சும்மா நின்னா சிக்காதுப்பா. காட்டுல மெதுவா போனாலும் சிக்காது. குதிரையை விரட்டிக்கிட்டு டவுனுக்குள்ள நுழையும்போது சிக்கும். முதல் பத்து நிமிஷம் பரவாயில்ல, அரை மணி நேரம் ஆச்சுன்னா ரொம்ப மோசம். பின்னாடி பிரவுசர் திறந்திருந்தா இன்னும் மோசம்."

கார்டு திணறினா காட்டுலயும் சிக்கணும். புது இடத்துக்குள்ள நுழையும்போது மட்டும் ஏன்? எல்லாத் துப்பும் அவன் கையிலதான் இருந்திருக்கு. நான்தான் கேட்கல.

12/ கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். காசு செலவில்லாத ஸ்கேன் சென்டர். கேம் சிக்கின அடுத்த நொடி அதைப் பார்த்தோம். கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்யுது, சும்மா நிக்குது. ரேம் 8 ஜிபியில 7.7 நிரம்பியிருக்கு. ஹார்டு டிஸ்க் 100 சதவீதம்.

டாக்டர் பாஷையில சொல்றேன். ரேம்ங்கிறது என் மேஜை. ஹார்டு டிஸ்க் பின்னாடி இருக்கிற ரெக்கார்டு ரூம். மேஜை சின்னதா இருந்தா, புது பேஷன்ட் வரும்போதெல்லாம் ஒரு கட்டை எடுத்து உள்ள வெச்சிட்டு, இன்னொரு கட்டைக் கொண்டுவர ஆள் ஓடணும். ஹார்டு டிஸ்க்ல நிஜமாவே ஒரு தட்டு சுத்துது, ஒரு முள் நகர்ந்து தேடுது. அது வர்ற வரைக்கும் டாக்டர் சும்மா உக்காந்திருப்பார். நான் செஞ்சது என்னன்னா, ரெக்கார்டு ரூம் பிரச்சனைக்கு 28,000 ரூபாய் குடுத்து இன்னும் பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வந்தது. அவரும் வந்து சும்மா உக்காந்திருக்கார்.

இதுல கொடுமை, அந்த கேமை வெளியிட்ட கம்பெனியே பரிந்துரையில 12 ஜிபி ரேம்னு தெளிவா போட்டிருக்கு. மருந்து டப்பாவுக்குள்ள இருக்கிற துண்டுச் சீட்டு மாதிரி, அதை நான் படிக்கவே இல்ல.

13/ ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் சென்னை போனோம். விடியற்காலையில சிதம்பரத்துல பஸ் பிடிச்சு, அண்ணா சாலையில இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட். நான் படிக்கிற காலத்துல ஹெட்போன் வாங்கப் போன அதே சந்து. ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி, பழைய ரேமுக்கு ஜோடியா அதே வேகத்துல இன்னொரு 8 ஜிபி. ரெண்டும் சேர்த்து 4,400 ரூபாய். (இது அன்னைக்கு விலை. ஏஐ டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிக்கிறதால சமீபத்துல ரேம் விலை எகிறிக் கிடக்கு. விசாரிச்சு வாங்குங்க.)

வீட்டுக்கு வந்ததும் ரெண்டையும் மாட்டப் போனேன். அவன் கையைப் பிடிச்சுத் தடுத்தான்.

"ஒண்ணொண்ணா மாத்துவோம்ப்பா. ரெண்டையும் ஒண்ணா மாட்டினா, எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

ரெண்டு மாத்திரையை ஒரே நாள்ல ஆரம்பிக்காதீங்கன்னு ஜூனியர்களுக்கு நான் சொல்ற வார்த்தை. நீட்ல கிடைக்காதவன் வாயில இருந்து வருது.

14/ அவன் ஒரு நோட்டுல எழுதினான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அது சராசரியோட சேர்த்து "1 சதவீத லோ"ன்னு ஒரு நம்பரையும் காட்டும். ரொம்ப மெதுவா வந்த 1 சதவீதப் படங்கள் மட்டும் என்ன வேகத்துல வந்ததுன்னு அர்த்தம். சிக்கல் எங்க ஒளிஞ்சிருக்கோ, அங்க டார்ச் அடிக்கிற நம்பர். ஒரே பாதை, ஒரே டவுன், அரை மணி நேரம்.

மாத்துறதுக்கு முன்னாடி: சராசரி 68, 1 சதவீத லோ 9.
கேமை எஸ்எஸ்டிக்கு மாத்தினப்புறம்: சராசரி 69, லோ 24.
ரேமும் போட்டப்புறம்: சராசரி 74, லோ 47.

சராசரியைப் பாருங்க. 68ல இருந்து 74. ஒண்ணுமே நடக்கல போல இருக்கும். லோவைப் பாருங்க. குதிரை டவுனுக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போச்சு. அவன் திரும்பி என்னைப் பார்த்து சிரிச்சான். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு அந்தச் சிரிப்பைப் பார்த்து.

15/ கதை தெரிய வேண்டாம்கிறவங்க இந்த ஒரு பதிவைத் தாண்டிடுங்க.

அப்புறம் தினமும் அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து பார்க்க ஆரம்பிச்சேன். ஆர்தர் மார்கன்னு ஒருத்தன்தான் கதாநாயகன். கடன் வசூலிக்கப் போன இடத்துல, இருமிக்கிட்டு இருக்கிற ஒருத்தரை அடிக்கிறான். கொஞ்ச நாள்ல அவனே இரும ஆரம்பிக்கிறான். இளைச்சுப் போறான். எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. ஒரு நாள் டவுன் டாக்டர் அவன்கிட்ட சொல்றார்: காசநோய்.

பையன் கேமை நிறுத்திட்டு கேட்டான். "இப்ப இருந்தா பிழைச்சிருப்பானாப்பா?"

சொன்னேன். கிருமியை ராபர்ட் காக் 1882லயே கண்டுபிடிச்சு சொல்லிட்டார். ஆனா அதைக் கொல்ற முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சது 1943ல. ஆர்தர் நடுவுல மாட்டிக்கிட்டான். அதுக்கப்புறமும் நோயாளியைக் குடும்பத்தை விட்டுப் பிரிச்சு சானடோரியத்துல வைக்கணும்னுதான் நம்பினாங்க. 1956ல சென்னையில ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி மையத்துல, பாதிப் பேரை சானடோரியத்துலயும் பாதிப் பேரை அவங்கவங்க வீட்லயும் வெச்சு மருந்து குடுத்துப் பார்த்தாங்க. 1959ல முடிவு வந்துச்சு. வீட்ல இருந்தவங்களும் அதே அளவு குணமானாங்க. உலகமே அதைப் பார்த்து மாறுச்சு. இன்னைக்குப் பெரும்பாலானவங்களுக்கு ஆறு மாச மாத்திரைதான். "பிழைச்சிருப்பான்டா. புவனகிரியில இருந்திருந்தா கண்டிப்பா பிழைச்சிருப்பான்."

(ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா அரசு மருத்துவமனையில சளி பரிசோதனை பண்ணிக்கோங்க. டெஸ்ட்டும் மருந்தும் இலவசம்.)

16/ அன்னைக்குத்தான் நான் கேட்டேன். "ஏன்டா, டாக்டருக்குப் படிக்க இஷ்டமில்லைன்னு முதல்லயே அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவன் திரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "சொன்னேன்ப்பா. முதல் மாக் டெஸ்ட் அன்னைக்கே சொன்னேன். நீங்க நம்பரைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

எனக்கு ஞாபகம் வரல. அதுதான் ரொம்ப வலிச்சது.

17/ இனி, போன வாரம் வந்தவருக்கு அவசரத்துல சொல்லாம விட்டது. உங்க வீட்லயும் யாராவது "சிக்குது"ன்னா, இந்த வரிசையில போங்க. முதல் நாலுக்கும் கிட்டத்தட்ட செலவே கிடையாது.

ஒண்ணு: மானிட்டர் கேபிள் கார்டுல மாட்டியிருக்கா, மதர்போர்டுலயான்னு பின்னாடி பாருங்க. மதர்போர்டுல மாட்டியிருந்தா நீங்க வாங்கின கார்டு பெரும்பாலும் சும்மா தூங்கும்.
ரெண்டு: பெட்டியைத் திறந்து, கரண்டை எடுத்துட்டு, தூசி தட்டுங்க. சூடு ஏறினா பிராசஸரும் கார்டும் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும்.
மூணு: கேம் செட்டிங்ஸ்ல ஒவ்வொண்ணா குறைச்சுப் பாருங்க. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்னா 60க்கு மேல வர்ற படம் உங்க கண்ணுக்கு முழுசா வந்து சேராது.
நாலு: சிக்கும்போது டாஸ்க் மேனேஜர். ரேம் நிரம்பியிருந்தா ரேம். டிஸ்க் 100னா எஸ்எஸ்டி. பிராசஸர் முட்டிக்கிட்டு நின்னா பிராசஸர். கார்டு எப்பவும் 95க்கு மேல ஓடியும் நம்பர் குறைவா இருந்தா மட்டும் கார்டு.
அஞ்சு: கார்டு வாங்கினா முதல்ல பவர் சப்ளையைப் பாருங்க. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில கரண்ட் போய்ப் போய் வரும். யுபிஎஸ் இல்லாம ஓட்டாதீங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி பூஜ்ஜியமாவது: எப்போ சிக்குதுன்னு பிள்ளையைக் கேளுங்க. கேட்டுட்டு, பதில் முடியிற வரைக்கும் உக்காந்திருங்க.

18/ அந்த 3060 கார்டு வீண் போகல. பையன் இப்ப அதுல ஏதோ ப்ராஜெக்ட் ஓட்டுறான். எனக்குப் புரியல, கேட்டா பொறுமையா சொல்றான். அந்த அம்மாவுக்கு மாத்திரையை மாத்திட்டேன். ஹெச்பிஏ1சி இப்ப 7.2. நம்பர் ஏறிடுச்சு. பதினோரு மணி நடுக்கம் இல்ல.

போன மாசம் வந்தப்ப, என் மேஜை மேல இருந்த ரிப்போர்ட்டை அந்த அம்மாவே நகர்த்தி வெச்சிட்டு, "அதை அப்புறம் பாருங்க சார், முதல்ல நான் சொல்றேன்"ன்னாங்க.

சொல்லுங்கம்மான்னேன்.